சாமி மதியத்துக்கு மேல் எதுவும் சாப்பிடுவதில்லை

நோங் குங் கிராமம்,
பத்தாம் மாதம், வளர்பிறை.

பெருமதிப்புக்குரிய புவாபன் பெரியம்மா அவர்களுக்கு,

உங்கள் தங்கை மகள் சுனாரி இரு கையும் கூப்பி எழுதுவது. ராயோங்கில் நீங்களும், உங்கள் முழங்காலும், கம்பெனி விடுதியில் உங்களோடு தங்கியிருக்கும் அக்காமார்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே அப்பா நலம், எருமை நலம், கோழிகளில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நலம். விகாரையில் நம் பெரிய பிக்கு சாமியின் வயிறு மட்டும் நலமில்லாமல் இருந்தது. அதற்குக் காரணம் நான்தான் என்று ஊர் சொல்கிறது. நான் இல்லை, பெரியம்மா. அது நீங்களாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். இப்படி எழுதியதற்கு மன்னிக்க வேண்டும். முதலிலேயே எழுதிவிட்டால் மீதியை எழுதுவது சுலபமாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், நம் குடும்பக் குழுவில் ஒரு வார்த்தை போட்டால் ஊரே படிக்கிறது, அதில் சோம்பத் மாமாவின் மனைவியும் இருக்கிறார். பேசலாம் என்றால், உங்களுக்கே தெரியும், போனைக் காதில் வைத்ததும் எனக்கு "ம்" தவிர வேறொன்றும் வராது. போன முறை நீங்கள் "சாமிக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டீர்கள், நான் "ம்" என்றேன். "நான் அனுப்பின பொடியைத் தினமும் குடுக்கிறியா?" என்று கேட்டீர்கள், அதற்கும் "ம்" என்றேன். அந்த இரண்டாவது "ம்"முக்குப் பிறகு எனக்குச் சரியான தூக்கமே இல்லை.

கோடையில் அம்மா தவறிப்போன பிறகு தினமும் காலையில் அம்மா பேரைச் சொல்லி விகாரைக்கு நான்தான் சாப்பாடு கொண்டு போகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். பெரும்பாலும் அம்மா வைக்கும் அதே மூங்கில்குருத்துக் குழம்புதான். அம்மா மீனில் உப்பும் தவிடும் போட்டு ஊறவைத்துவிட்டுப் போன பாதேக் ஜாடி இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்துக் குழம்பில் விடுவேன். பெரிய பிக்கு ஒட்டரிசிச் சோற்றை உருட்டித் தோய்த்துச் சாப்பிடுவார். ருசியைப் பற்றி அவர் வாய் திறப்பதில்லை, ஆனால் கிண்ணம் வழித்துத்தான் திரும்பி வரும். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிக்குகளின் மழைக்காலத் தங்கல் ஆரம்பித்தபின் விகாரைக் கழிப்பறையின் தகரக் கதவை அடிக்கடி சாத்துகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. அந்தக் கதவுச் சத்தம் எங்கள் வீடு வரை கேட்கும். பிரசங்கம் நாளுக்கு நாள் சுருங்கியது. முதலில் ஊருக்கு அதில் சந்தோஷம்தான், ஆண்கள் கூட முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். பிறகு ஒரு போய விரத நாளில் ஐந்து சீலங்களைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் நான்காவதோடு எழுந்து போய்விட்டார். மதுவை விலக்கும் ஐந்தாவது சீலம் அன்றைக்கு யாருக்கும் கிடைக்கவில்லை. அன்று மாலை குளக்கரையில் நடந்த கூத்துக்கு ஆண்கள் எல்லோரும் அதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். அப்போதுதான் ஊர்ப் பெண்களுக்குக் கவலை வந்தது.

விகாரைக் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் சோம்பத் மாமா தன் வண்டியிலேயே பெரிய பிக்குவை டவுன் டாக்டரிடம் கூட்டிப் போனார். திரும்பி வந்து மண்டபத்தில் எல்லோருக்கும் நடித்தே காட்டினார்.

"டாக்டர் கேட்டாரு, 'சாமி, என்னென்ன சாப்பிடுறீங்க?'னு. சாமி சொன்னாரு, 'காலையில ஒரு வேளைதான். மதியத்துக்கு மேல எதுவும் சாப்பிடுறதில்ல'னு. 'சரி, அந்த ஒரு வேளையில என்ன?'ன்னாரு. நான் சும்மா இருக்க முடியுமா? பாதேக்னு சொன்னேன். அந்த மனுசன் மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே!"

"அந்தப் பாதேக்கைத் தின்னுதான்யா நாமெல்லாம் இத்தன வயசுக்கு வந்து நிக்கிறோம்," என்றார் பக்கத்து வீட்டு லம்யாய் அத்தை.

"நம்ம வயிறு வேற, சாமி வயிறு வேற அக்கா. அதுவும் இது சின்னப் பொண்ணு கை. ஜாடிக்கு மூடியைக் கட்டுச்சோ, இல்ல பல்லி விழுந்துச்சோ, யாரு கண்டா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாயைப் பார்த்தேன். பல்லி விழவில்லை என்று சொல்ல வேண்டும், வாய் வரை வந்தது, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

அதன்பிறகு நான் செய்யாததில்லை, பெரியம்மா. பாதேக்கைக் குழம்பில் விடுமுன் தனியாகக் கொதிக்கவைத்தேன், வீடு முழுக்க நாறி அப்பா எருமைக் கொட்டகையில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். மிளகாயைக் குறைத்தேன். மூங்கில்குருத்தை இரண்டு தண்ணீர் மாற்றி வேகவைத்தேன். கிணற்றுத் தண்ணீரை விட்டுவிட்டு டிரம் தண்ணீரில் சமைத்தேன். கடைசியில் பாதேக்கே இல்லாமல் வெறும் அவித்த முட்டையும் சோறும் கொண்டு போனேன். அன்றைக்கும் தகரக் கதவு அடித்தது. "முட்டைக்கே இப்படின்னா, கையிலதான் ஏதோ இருக்கு," என்று யாரோ பின்னால் சொன்னது கேட்டது. அன்று முதல் என் தூக்கைச் சோம்பத் மாமா வாங்கித் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் வைக்கிறார். பெரிய பிக்கு வரிசையாகச் சாப்பிட்டு வந்து, எட்டிப் பார்த்து, "அங்க ஒரு தூக்கு இருக்கே?" என்று கேட்டு வாங்கித்தான் சாப்பிடுகிறார். எனக்கு அது இன்னும் பயமாக இருக்கிறது.

இப்போது மருந்துக் கதை. சாமிக்கு வயிறு சரியில்லை என்றதும் ஊரில் யாரும் சும்மா இருக்கவில்லை. மதியத்துக்கு மேல் பிக்குகள் சாப்பிடக் கூடாது, ஆனால் மருந்தும் பானமும் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? அதனால் எல்லோருடைய அக்கறையும் மதியத்துக்கு மேல்தான் வந்து இறங்கியது. லம்யாய் அத்தை தேனில் ஊறிய கடுக்காய் கொடுத்தார். அரிசி மில்காரர் வீட்டிலிருந்து சர்க்கரைப் புளி உருண்டை வந்தது. சாமிக்குச் சர்க்கரை வியாதி என்பதால் பழைய தலைமையாசிரியர் சர்க்கரை இல்லாத மிட்டாய் ஒரு டப்பா வாங்கி வந்தார். உட்கார்ந்தே இருப்பதால் கால் இழுக்கிறது என்று யாரோ மக்னீசியம் மாத்திரை, தெம்புக்கு என்று யாரோ புளிப்பு வைட்டமின் மாத்திரை, தானம் கொடுக்கும் மஞ்சள் வாளிகளில் பால் டப்பா, கற்றாழைச் சாறு. கடைசியாக நீங்கள் அனுப்பிய பெட்டி வந்தது, அருவிப் படம் போட்ட பொடிப் பொட்டலங்கள். மேலே இருக்கும் எழுத்து இங்கே யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. "உள்ளுக்குள்ள இருக்கிற அழுக்கெல்லாம் போயிடும், அம்மா பேரைச் சொல்லித் தினம் ஒண்ணு குடு" என்று நீங்கள் சொன்னபடியே தண்ணீரில் கலக்கிக் கொண்டுபோய் வைத்தேன். பிற்பகலில் சோம்பத் மாமா எல்லாவற்றையும் ஒரு தட்டில் அடுக்கிப் பெரிய பிக்குவின் முன் வைப்பார். கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்ப்பார்கள். "சாமி என்னோடத எடுத்துக்கிட்டாரா?" என்று கேட்பார்கள். பெரிய பிக்கு யார் மனதையும் நோகவிட மாட்டார். எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்வார். மறுநாள் கதவு இன்னும் கொஞ்சம் அதிகமாக அடிக்கும், ஊர் இன்னும் கொஞ்சம் அதிகமாக மருந்து கொண்டு வரும். அந்தக் கிளாஸ்களையும் தட்டையும் கழுவுகிறவள் நான்தான். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. சாப்பாடு என்றால் காலையில் சாப்பிடுவதுதானே?

பிறகு டவுன் விகாரையில் ஒரு மூத்த பிக்கு காலமானதால் நம் சாமி அங்கே போய்ச் சில நாளாகத் தங்கியிருக்கிறார். அங்கே அவருக்கு வயிறு சரியாகிவிட்டது என்று செய்தி வந்தது. என் சமையலை விட்டுப் போனதும் சரியாகிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது போதாதென்று, சாமி இல்லாததால் அந்தத் தட்டு வீணாகப் போகிறதே என்று சோம்பத் மாமா அதை அப்படியே ஒரு பையில் போட்டு அப்பாவிடம் கொடுத்துவிட்டார். அப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பச்சை மாட்டுக்கறியைப் பித்தநீர் விட்டுப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு ஏப்பம்கூட விடாமல் ஏர் ஓட்டுகிறவர். குத்துச்சண்டை பார்த்துக்கொண்டே பையைக் காலி செய்தார். உங்கள் பொடியைக் கலக்கி அதையும் குடித்து, "நல்லாருக்கே, பிளம்ஸ் ருசி," என்றார்.

மறுநாள் காலை லம்யாய் அத்தை வயலில் நாற்று நடவு. அப்பா முதல் வரிசையிலேயே நிமிர்ந்தார்.

"என்ன கம்சிங், இடுப்பு புடிச்சுக்கிச்சா?"

"ஒண்ணும் இல்ல அக்கா. வயிறு சும்மா ஏதோ பேசுது."

பேசியது முடிந்து கத்த ஆரம்பித்தது. அப்பா மரவள்ளிக் காட்டுக்குள் ஓடினார். திரும்பி வந்து கால் கழுவுமுன் மறுபடி ஓடினார். கரையில் நின்ற பெண்கள், "வழிய விடுங்கடி, பஸ் வருது!" என்று சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்குக் கூட்டி வந்து உப்பும் சர்க்கரையும் போட்டுத் தண்ணீர் கொடுத்து, "ராத்திரி என்னப்பா சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

"நான் எங்க சாப்பிட்டேன்? பசியே இல்ல. வெறும் மருந்துதான்."

பெரியம்மா, அந்த நிமிஷம் என் கையிலிருந்த கிளாஸ் கீழே விழுந்தது. டாக்டரிடம் சாமி சொன்னதும் இதேதான். அவர் பொய் சொல்லவில்லை. டாக்டர் கேட்டதிலும் தப்பில்லை. கேட்டது சாப்பாட்டை, போனது மருந்தால்.

அப்பாவிடம் சொன்னேன். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "வாயத் தொறக்காத சுனா. அந்தப் பொடி உங்க பெரியம்மா அனுப்பினது, உங்க அம்மா பேர்ல போனது. அதாலதான் சாமிக்கு வயித்தால போகுதுன்னு ஊருக்குத் தெரிஞ்சா, உங்க அம்மாவுக்கு அங்க என்ன பேரு?"

ஒவ்வொரு பொட்டலத்துக்கும் நான் அம்மா பேரைச் சொல்லித் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். நாம் கொடுப்பது எப்படிப் போய்ச் சேரும் என்று எனக்குச் சரியாகத் தெரியாது, பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் வருமுன்னே நின்றுவிட்டேன். புண்ணியம் கொடுத்தபடியே போய்ச் சேரும் என்றால், இப்போது அங்கே அம்மாவும் ஒரு தகரக் கதவைத் தேடிக்கொண்டிருக்கிறாளோ என்று பயமாக இருக்கிறது.

பௌர்ணமி வருகிறது. செத்துப்போனவர்களுக்குச் சோறு அனுப்பும் நாள், அம்மாவுக்கு இது முதல் வருஷம். நேற்றுச் சோம்பத் மாமா வேலிக்கு வெளியே நின்று நல்ல விதமாகத்தான் சொன்னார்: "சுனாரி, தப்பா நெனைக்காதம்மா. இந்த வருஷம் நீ சமைக்க வேணாம். தண்ணி பாட்டில் மட்டும் கொண்டு வா, போதும்." நான் "ம்" என்றேன். அன்றைக்கு எல்லோருடைய அம்மாவும் இலைப் பொதியைப் பிரித்துச் சாப்பிடும்போது நம் அம்மா தண்ணீர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பாள். யாரிடமும் கேட்கவும் மாட்டாள். அவளும் என்னை மாதிரிதானே.

அதனால் உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். சோம்பத் மாமாவுக்குப் போன் செய்து, அந்தப் பொடி கெட்டுப்போனது என்றோ, கம்பெனி திருப்பிக் கேட்கிறது என்றோ, உங்களுக்குத் தோன்றும் ஒரு பொய்யைச் சொல்லுங்கள். மழைக்காலத் தங்கலில் பொய் சொன்னால் பாவம் இரட்டிப்பு என்று தெரியும், அதில் பாதியை என் பேருக்கு எழுதிக்கொள்ளுங்கள். கடுக்காய்க்கும் மிட்டாய்க்கும் என்ன பொய் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, நீங்கள்தான் யோசிக்க வேண்டும். நான் சொன்னதாக மட்டும் யாருக்கும் தெரிய வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். தயவுசெய்து புதிதாக எதுவும் அனுப்பாதீர்கள்.

புத்தர், தர்மம், சங்கம் மூன்றும் உங்களையும் உங்கள் முழங்காலையும் காக்கட்டும். வேலையில் பாரம் குறைந்து, உடம்பில் பலம் கூடி, அடுத்த புத்தாண்டுக்கு நீங்கள் ஊர் வந்து சேர வேண்டும். அப்பா தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னார், கொல்லைப்பக்கத்திலிருந்து.

உங்கள் கீழ்ப்படிந்த மகள்,
சுனாரி

பின்குறிப்பு: பெரியம்மா, மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். போனில் பொய் சொல்ல வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம், ஊருக்கே தெரிந்துவிட்டது. சொன்னது நான்தான்.

மழையில் தபால்காரர் வராததால் கடிதம் வீட்டிலேயே கிடந்தது. அதற்குள் பெரிய பிக்கு திரும்பி வந்து, அவருக்கு மறுபடி வயிற்றால் போக ஆரம்பித்து, வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதென்று முடிவாகிவிட்டது. போனால் பௌர்ணமிக்குத் திரும்ப மாட்டார். மண்டபத்தில் சோம்பத் மாமா எழுந்து, "சாமி போற எடத்துல இதெல்லாம் கிடைக்காது. ஊர் சார்பா எல்லா மருந்தையும் ஒரு பெட்டியில கட்டிடலாம்," என்றார். எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை, பக்கத்திலிருந்த லம்யாய் அத்தை பிறகு சொன்னதைத்தான் எழுதுகிறேன். "கட்டாதீங்க! மருந்தாலதான் போகுது! எங்கப்பாவுக்கும் போச்சு! எங்க பெரியம்மா பொடியும்தான், உங்க கடுக்காயும்தான்!" என்று கத்தினேனாம். கூரையிலிருந்த புறாக்கள் பறந்துவிட்டனவாம்.

அப்போது தானம் கொடுக்க வந்திருந்த சுகாதார நிலையத்து நர்ஸ் அக்கா, "அந்தப் பெட்டியைக் கொஞ்சம் பிரிங்க," என்றார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "இது வயித்த இளக்கும். இதுவும் இளக்கும். சர்க்கரை இல்லாத மிட்டாயா? நெறைய தின்னா இதுவும்தான். பால் சில வயசானவங்களுக்குச் சேராது. புளிப்பு மாத்திரை, இது யாரு குடுத்தது? ஓ, நான்தான்." உங்கள் பொட்டலத்தில் எழுத்து அவருக்கும் தெரியவில்லை, ஆனால் மூலையிலிருந்த இலைப் படத்தைப் பார்த்து, "இது நிலாவாரை இலை மாதிரில்ல இருக்கு! பேதிக்குக் குடுக்கிறதாச்சே!" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

பெரிய பிக்கு, "டாக்டர்கிட்ட நான் பொய் சொல்லலையே. மதியத்துக்கு மேல நான் சாப்பிடலையே," என்றார்.

"நீங்க சாப்பிடல சாமி. ஊர்தான் சேர்ந்து ஊத்தியிருக்கு."

அந்தப் பெட்டியைப் பார்த்தபடி பெரிய பிக்கு, "பாதேக்தான்னு நானும் நெனச்சேன்," என்றார்.

"நெனச்சுக்கிட்டேவா கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க?" என்றார் லம்யாய் அத்தை.

"அந்தப் பொண்ணு அவங்க அம்மாவுக்காகக் கொண்டு வருது. நான் சாப்பிடாம அது எப்படிப் போய்ச் சேரும்?" பிறகு மெதுவாக, "நல்லாவும் இருந்துச்சு," என்றார்.

நீங்கள் அனுப்பிய பொடியை அம்மா பேரில் கொடுத்தது பாவமா என்று சாமியிடம் கேட்டேன், பெரியம்மா. ஒருமுறை வாய் திறந்தது, உடனே மூடத் தெரியவில்லை. அவர் சிரித்தார். "நல்ல மனசோட குடுத்தது நல்லபடியாத்தான் போய்ச் சேரும். கொஞ்சம் வேகமாப் போயிருக்கும், அவ்வளவுதான்."

ஆஸ்பத்திரிப் பயணம் நின்றது. மருந்தெல்லாம் நர்ஸ் அக்காவின் வண்டியில் போனது. மறுநாளே தகரக் கதவு ஓய்ந்தது. அதற்கடுத்த நாளும் சத்தமில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. இப்போது ஊர் அதற்குக் கவலைப்படுகிறது. சோம்பத் மாமா சற்றுமுன் வந்து வேலிக்கு உள்ளேயே நின்று, தலையைச் சொறிந்துகொண்டு, "நாளைக்குப் பௌர்ணமி, சுனாரி. நீ உங்க அம்மா குழம்பையே வச்சுக் கொண்டு வந்துடும்மா. முன்வரிசையில வைக்கிறேன்," என்றார். போனவர் மறுபடி திரும்பி வந்து, தணிந்த குரலில், "சாமிக்குச் சுத்தமா போகவே இல்ல போலிருக்கு. பாதேக் ஒரு கரண்டி சேர்த்தே விடேன்," என்றார்.

ஜாடியைத் திறந்து முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பெரியம்மா. இது அம்மாவுக்கும் போய்ச் சேர வேண்டும். எத்தனை கரண்டி விடட்டும்? உடனே போன் செய்யுங்கள், நான் பேசுவேன்.